வீட்டில் கிண்டிய மாவும் கடையில் வாங்கிய வண்ணமும்

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கான வண்ணத்தையும் பசையையும் பிசையும் மாவையும் வீட்டிலேயே செய்து தர வேண்டுமா, கடையில் வாங்கித் தர வேண்டுமா? மாதச் செலவுக் கணக்கில் அடங்கிவிடும் சிறு விஷயம் போலத் தோன்றினாலும் கல்வியாளர்கள், வணிகர்கள், மருத்துவர்கள், சட்டம் இயற்றுவோர் எனப் பலரும் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இதற்கு மாறிமாறிப் பதில் சொல்லி வந்திருக்கிறார்கள். இன்று வீட்டுத் தயாரிப்பை ஆதரிப்பவர்கள் பொதுவாக மூன்று காரணங்களை ஒரே மூச்சில் சொல்கிறார்கள்: செலவு குறைவு, ஆபத்து இல்லை, படைப்பூக்கம் வளரும். இவை மூன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவைக்காக எழுந்தவை. ஒன்றின் வலிமையை மற்றொன்றுக்குக் கடன் கொடுப்பதால்தான் விவாதம் குழம்புகிறது.

மணலும் பட்டாணியும்

முதல் பதில் பற்றாக்குறையிலிருந்து வந்தது. அதில் சென்னைக்கு நேரடிப் பங்கு உண்டு. எழும்பூரில் இருந்த ராணுவ ஆண் அநாதைகள் விடுதிக்கு 1789-இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து விரலால் மணலில் எழுதுவதைப் பார்த்தார். அதைத் தன் விடுதியில் புகுத்தி, 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். பிறகு ஜோசப் லங்காஸ்டரின் பள்ளிகளிலும் ஏழைப் பிள்ளைகள் மணல் பரப்பிய மேசையில் எழுதிப் பழகினார்கள். திண்ணைப் பள்ளியின் ஏற்பாடு இங்கிலாந்துக்குப் போனதற்கு முதன்மையான காரணம் அதன் மலிவு. காகிதம் வேண்டாம், மை வேண்டாம், தவறினால் தடவி அழித்துவிடலாம்.

மணல் அங்கே எழுத்துக்காகப் பயன்பட்டது, கலைக்காக அல்ல என்று சொல்லலாம். சரிதான். ஆனால் தவறு செய்யச் செலவில்லாத பொருள் என்ற குணம் பின்னால் வரும் விவாதத்துக்கு முக்கியம். பிள்ளைத்தமிழ் நூல்கள் சிற்றிலுக்கு ஒரு பருவமே ஒதுக்கியிருக்கின்றன. மணலில் சிறு வீடு கட்டி, கலைத்து, மீண்டும் கட்டுவதைப் பிள்ளைமைக்கு உரியதாக ஏற்ற மரபு அது.

ஐரோப்பாவில் ஃபிரெட்ரிக் ஃப்ரோபெல் 1837-இல் பிளாங்கன்பர்கில் தொடங்கிய சிறார் நிலையத்தில் மரக்கட்டைகளோடு காகித மடிப்பு, பின்னல், களிமண் வேலை ஆகியவையும் இருந்தன. ஊறவைத்த பட்டாணியில் கூரிய குச்சிகளைச் செருகி உருவங்கள் கட்டுவதும் அவற்றில் ஒன்று. பட்டாணி காய்ந்ததும் மூட்டு இறுகிவிடும். சமையலறையில் கிடைப்பதை வைத்தே நடந்த வேலை. ஆனால் அமெரிக்காவில் 1869-ஐ ஒட்டி மில்டன் பிராட்லி நிறுவனம் ஃப்ரோபெல் பொருள்களைப் பெட்டியில் போட்டு விற்கத் தொடங்கியது. வீட்டில் செய்வதற்கும் கடையில் வாங்குவதற்கும் இடையிலான இழுபறி அப்போதே தொடங்கிவிட்டது.

அளந்து செய்த பொருளும் முற்றத்துக் கூழாங்கல்லும்

மரியா மாண்டிசோரி 1907-இல் ரோமில் தொடங்கிய பள்ளி இதற்கு நேரெதிரான நிலையை எடுத்தது. பொருள் துல்லியமாக இருக்க வேண்டும். உருளை தன் குழியில்தான் பொருந்த வேண்டும், பட்டையின் நிறம் தரப்படுத்திய நிறமாக இருக்க வேண்டும். தவறைப் பொருளே காட்டிக்கொடுக்கும் என்பது அவர் வாதம். வீட்டில் குத்துமதிப்பாகச் செய்த பொருளால் அந்த வேலையைச் செய்ய முடியாது.

1939-இல் அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னைக்கு வந்த மாண்டிசோரிக்குப் போர் காரணமாக 1946 வரை பெரும்பாலும் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. கொடைக்கானலிலும் சில காலம் இருந்தார். அவர் பயிற்றுவித்த ஆசிரியர்கள் நாடெங்கும் பரவினார்கள். ஆனால் அவர் வருவதற்கு முன்பே பாவ்நகரில் கிஜுபாய் பதேகா 1920-இல் பால மந்திரைத் தொடங்கி, மாண்டிசோரி முறையைக் குஜராத்தி மண்ணுக்கு ஏற்பத் திருத்தத் தொடங்கியிருந்தார். அவரோடு பணியாற்றிய தாராபாய் மோடக்கும், பின்னர் அனுதாய் வாகும் மகாராஷ்டிரக் கடலோரத்தில் போர்டியிலும் கோஸ்பாடிலும் பழங்குடிக் குழந்தைகளிடம் போனார்கள். விலையுயர்ந்த உருளைகளுக்குப் பதிலாக இலை, கூழாங்கல், கிளிஞ்சல், களிமண் வந்தன. பிள்ளைகள் பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி அவர்கள் வீட்டு முற்றத்துக்குப் போகும் என்ற அவர்களுடைய எண்ணம் பின்னாளைய அங்கன்வாடிக்கு முன்னோடி.

இரு நிலைக்கும் பலவீனம் உண்டு. மாண்டிசோரிப் பொருள்கள் விலையால் நகரத்து நடுத்தர வர்க்கத்தோடு பெரிதும் நின்றுவிட்டன. கோஸ்பாடு வழி, அனுதாய் போன்ற ஒருவர் அருகில் இருக்கும்போது சிறந்து விளங்கியது. அவர் இல்லாத இடத்தில் கூழாங்கல் வெறும் கூழாங்கல்லாகவே கிடந்தது என்று விமர்சகர்கள் சொன்னால் எளிதில் மறுக்க முடியாது.

தொழிற்சாலை கற்றுக்கொண்ட சமையல்

கடைப்பொருள் கொடிகட்டிப் பறக்கத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். இங்கிலாந்தின் பாத் நகரில் ஓவிய ஆசிரியர் வில்லியம் ஹார்பட் 1897-இல் காயாத களிமண்ணான பிளாஸ்டிசினை உருவாக்கினார். 1903-இல் அமெரிக்காவில் எட்டு வண்ண கிரேயோலா பெட்டி ஐந்து சென்டுக்கு வந்தது. ரோமில் பள்ளி நடத்திய ரூத் ஃபைசன் ஷா விரல் வண்ணத்தை முறைப்படுத்தி 1934-இல் அதைப் பற்றி நூல் எழுதினார்.

இந்த வரலாற்றில் சுவையான திருப்பம் ப்ளே-டோ. சின்சினாட்டியில் இருந்த சோப்பு நிறுவனம் ஒன்று, நிலக்கரிப் புகை படிந்த சுவர்க் காகிதத்தைத் துடைக்க ஒரு மாவு விற்றது. வீடுகள் நிலக்கரியைக் கைவிட்டதும் விற்பனை படுத்துவிட்டது. மழலையர் பள்ளி நடத்திவந்த கே ஸூஃபால், அந்த மாவைத் தன் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார். களிமண்ணைவிட மென்மையாக இருந்ததால் பிள்ளைகள் விடவில்லை. 1956-இல் அது விளையாட்டுப் பொருளாக விற்பனைக்கு வந்தது. அடிப்படையில் அது கோதுமை மாவு, தண்ணீர், உப்பு. தொழிற்சாலை சமையலறையிலிருந்து கற்றுக்கொண்டது, பிறகு சமையலறை தொழிற்சாலையைப் பார்த்துச் செய்யத் தொடங்கியது. இன்று தமிழ் வீடுகளில் சுற்றும் செய்முறையும் அதுதான்: ஒரு டம்ளர் மைதா, அரை டம்ளர் உப்பு, ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு கரண்டி எண்ணெய், மேல்நாட்டுக் குறிப்புகளில் வரும் கிரீம் ஆஃப் டார்ட்டருக்குப் பதில் எலுமிச்சைச் சாறு. அடுப்பில் வைத்து அல்வா போலக் கிண்டி, சட்டியை விட்டு உருண்டு வரும்போது இறக்குகிறார்கள்.

செலவுக் கணக்கில் வீட்டு மாவு ஐயமின்றி வெல்கிறது. மைதாவும் உப்பும் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும், பெட்டி மாவின் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும். ஆனால் வியர்த்து ஒழுகும் கடலோர ஊர்களில் உப்பு ஈரத்தை இழுத்து மாவு பிசுபிசுத்துப் போகிறது, வெளியில் வைத்தால் சில நாளிலேயே பூஞ்சை பிடிக்கிறது. மறுபடி மறுபடிச் செய்யும் உழைப்பைச் செய்முறை எழுதுபவர்கள் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

"வீட்டுச் சாமான்தானே" என்ற நம்பிக்கை

வீட்டுத் தயாரிப்புக்குச் சொல்லப்படும் காரணங்களில் அதிகம் நம்பப்படுவதும், என் மதிப்பீட்டில் அதிகம் ஆட்டம் காண்பதும் பாதுகாப்பு பற்றிய கூற்று. வாயில் வைத்தாலும் கேடில்லை, எல்லாம் சாப்பாட்டுச் சாமான்தானே என்கிறார்கள்.

உப்பிலிருந்து தொடங்கலாம். மைதா இலேசானது, உப்பு கனமானது. ஒரு டம்ளர் மைதாவும் அரை டம்ளர் உப்பும் எடையில் ஏறக்குறைய ஒன்றே. கிண்டிய மாவின் மொத்த எடையில் கால் பங்குக்கும் மேல் உப்பு. எலுமிச்சம்பழ அளவு உருண்டை ஒன்றில் 10 கிராமுக்கு மேல் உப்பு இருக்கும். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்புக் கரிப்பே பெரும்பாலான பிள்ளைகளைத் துப்ப வைத்துவிடும் என்பது உண்மை. ஆனால் ஒன்றரை வயதுக் குழந்தை ஓர் உருண்டையை விழுங்கிவிட்டால் அது உப்புமாவை அதிகம் தின்றது போன்ற விஷயம் அல்ல. உடனே மருத்துவரிடம் போக வேண்டிய நிலை.

அடுப்பில் வைக்காமல் பிசையும் மாவுக்கு வேறு சிக்கல். பச்சை மாவு கிருமி நீக்கப்பட்டதல்ல. 2016-இல் அமெரிக்காவில் கோதுமை மாவு வழியாக ஈ.கோலை பரவியபோது, குழந்தைகளைப் பச்சை மாவில் விளையாட விட வேண்டாம் என்று அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. கோதுமை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு மைதா மாவு எப்படிச் செய்தாலும் ஆகாது. அரிசி மாவில் செய்யலாம், ஆனால் இழுவை இல்லாததால் விண்டுபோகும்.

வண்ணங்களுக்கு வருவோம். பீட்ரூட், கீரை, மஞ்சள் என்று பட்டியல் போடுவது வழக்கம். தோட்டத்து மஞ்சள் கிழங்கை உரசி எடுத்த வண்ணம் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. பளபளக்கும் மஞ்சள் தூள் பற்றி இருக்கிறது. நிறம் கூட்ட ஈய குரோமேட் கலப்பதை வங்கதேசத்தில் 2019-இல் வெளியான ஆய்வுகள் உறுதிசெய்தன. சிந்தூரப் பொடி மாதிரிகள் சிலவற்றிலும் ஈயம் கண்டறியப்பட்டிருக்கிறது. சிறு குழந்தையின் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை. கோலத்துக்கு விற்கும் கலர்ப் பொடி உணவுப் பொருளே அல்ல, ஆனாலும் அது வீட்டுச் சாமான் பட்டியலில் நுழைந்துவிடுகிறது.

பசை விஷயம் இன்னும் கூர்மையானது. மைதா பசை காய்ச்சுவது நம் ஊரில் பழைய கலை. புத்தகம் கட்டுபவர்களும் போஸ்டர் ஒட்டுபவர்களும் பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் போடுவார்கள். துத்தம் நஞ்சு. பெரியவர்களின் தொழிலில் நன்றாக உழைத்த செய்முறை அப்படியே பிள்ளைகள் கைக்கு வரக் கூடாது. துத்தம் இல்லாத பசை இரண்டு நாளில் புளித்துவிடும். புளித்ததைக் கொட்டிவிட்டு வேறு காய்ச்சுவதே வழி. அதேபோல் வழவழப்பான 'ஸ்லைம்' செய்யப் பலர் வெங்காரத்தைச் சேர்க்கிறார்கள், கேரம் போர்டில் தூவும் போரிக் பவுடரைச் சேர்ப்பவர்களும் உண்டு. இரண்டும் போரான் சேர்மங்கள். 2016-இல் கனடாவின் சுகாதாரத் துறை, வீட்டுக் கைவினைச் செய்முறைகளில் இவற்றைத் தவிர்க்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துச் சிவப்பு வரவைப்பது பிள்ளைகளைக் கண் விரியப் பார்க்கவைக்கும் வேலைதான். ஆனால் சுண்ணாம்புப் பாக்கெட் பிதுங்கிக் கண்ணில் பட்டுப் பார்வை இழந்த குழந்தைகளைப் பற்றி இந்தியக் கண் மருத்துவர்கள் தொடர்ந்து எழுதிவருகிறார்கள். சோப்புத் தண்ணீரும் மஞ்சளைச் சிவக்க வைக்கும். அதைப் பெரியவர் கரைத்துக் கொடுத்தால் போதும்.

கடைப்பொருள்மீது நம்பிக்கை வைப்பவர்களும் முழுதாக நிம்மதி அடைய முடியாது. 1994-இல் இறக்குமதி கிரேயான்கள் சில ஈயம் இருந்ததால் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டன. 2000-இல் அங்கே பெயர்பெற்ற கிரேயான்களின் டால்க்கில் அஸ்பெஸ்டாஸ் தடயம் கண்டறியப்பட்டு, தயாரிப்பாளர்கள் கலவையை மாற்றினார்கள். இந்தியாவில் 14 வயதுக்கு உட்பட்டோர் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம். பதிவுபெற்ற கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் விலக்கு உண்டு. வீட்டில் கிண்டும் மாவு எந்தச் சட்டத்தின் கண்ணிலும் படாது.

ஐரோப்பியத் தரவிதி ஒன்று இங்கே சிந்திக்க வைக்கிறது. விரல் வண்ணத்தில் கசப்பூட்டி சேர்ப்பதை அது கட்டாயமாக்கியிருக்கிறது. பிள்ளை ஒருமுறை நக்கினால் மறுமுறை நக்கக் கூடாது என்பது நோக்கம். வீட்டுச் செய்முறைகளோ தயிரிலும் சோளமாவுக் கூழிலும் சர்க்கரை சேர்த்து, தின்னக்கூடிய வண்ணம் என்று பெருமைப்படுகின்றன. இன்று தின்னக் கொடுத்ததை நாளை பள்ளியில் வேறு பாட்டிலில் பார்க்கும் குழந்தை என்ன செய்யும்? வாயில் போடும் பழக்கம் முற்றாக விடாத ஒரு வயதுக் குழந்தைக்குத் தின்னக்கூடிய வண்ணம் சரியான ஏற்பாடாக இருக்கலாம். மூன்று வயதுக்காரருக்கு அது தவறான பாடமாகவும் ஆகலாம்.

அரிசியில் விளையாடலாமா

அரிசிக்கு நிறமேற்றித் தட்டில் கொட்டி விளையாட விடுவதும் மக்ரோனி ஒட்டுவதும் மேல்நாட்டு மழலையர் மையங்களில் நெடுநாள் வழக்கம். பசியோடு வரும் குழந்தை இருக்கும் இடத்தில் உணவை விளையாட்டுப் பொருளாக்குவது தகுமா என்ற கேள்வி அங்கேயே எழுந்து, பல மையங்கள் கைவிட்டன. தமிழ்நாட்டில் இதன் கூர்மை அதிகம். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975-இலும் சத்துணவு 1982-இலும் வந்தன. பல குழந்தைகள் மையத்துக்கு வரத் தொடங்கியதே சோற்றுக்காக. அதே கூரையின் கீழ் அரிசியைக் கலர் போட்டுக் கொட்டுவது உறுத்தும்.

ஆனாலும் நம் மரபு உணவை வரையும் பொருளாக ஏற்காத மரபு என்று சொல்லிவிட முடியாது. விஜயதசமியன்று தட்டில் பரப்பிய அரிசியில்தான் குழந்தையின் விரல் முதலில் ஓடுகிறது. வாசலில் போடும் அரிசி மாவுக் கோலத்தை எறும்பு தின்கிறது. மரபின் கண்டிப்பு வீணடிப்பதன் மீதும் காலில் மிதிபடுவதன் மீதும்தான். இந்த அளவுகோலை வைத்தால், திரும்பச் சமைக்கக்கூடிய பச்சரிசித் தட்டு தேறும், சாயம் ஏற்றிக் குப்பைக்குப் போகும் அரிசி தேறாது.

குப்பையின் வழக்கறிஞர்கள்

சைமன் நிக்கல்சன் 1971-இல் எழுதிய கட்டுரை, குழந்தையின் கண்டுபிடிப்புத் திறன் சூழலில் எத்தனை உதிரிப் பொருள்கள் மாற்றி அமைக்கக் கிடைக்கின்றன என்பதைப் பொறுத்தது என்றது. இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகரம் தொழிற்சாலைக் கழிவைப் பள்ளிகளுக்குப் பகிர 1996-இல் ரெமிடா என்ற மையத்தைத் திறந்தது. இந்தியாவில் அரவிந்த் குப்தா, 1972-இல் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் திட்டத்தின் வழியே சைக்கிள் வால்வு ட்யூபும் தீக்குச்சியும் வைத்து வடிவியல் கற்பிக்கும் வழியைக் காட்டினார். நுங்கு வண்டியும் பனையோலைக் காற்றாடியும் செய்தே வளர்ந்த ஊர்களுக்கு இது புதிதல்ல.

இந்த நிலையின் இடர் அளவு. 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனை உருளைக்குள் முழுதாக அடங்கும் எதுவும் மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு ஆகாது என்பது பொதுவான விதி. பாட்டில் மூடி, பொத்தான், புளியங்கொட்டை எல்லாம் அதில் விழும். இன்னொரு குறை, யார் செய்வது என்பதை இவ்வாதம் மறைத்துவிடுவது. சர்வ சிக்ஷா அபியான் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் துணைக்கருவிக்கென்று தந்தது. மீதி அவர் கைக்காசும் இரவு நேரமும். எல்.கே.ஜி. பிள்ளைக்குக் கொடுத்த 'ப்ராஜெக்ட்'டைத் தெர்மாகோலிலும் ஜிகினாவிலும் அம்மா முடிப்பதும், பிள்ளை தூங்கிவிடுவதும் எல்லா வீட்டுக்கும் தெரிந்ததே. 2023-இல் என்சிஇஆர்டி வெளியிட்ட 'ஜாதுயி பிடாரா' என்ற விளையாட்டுப் பெட்டி, அரசே பொருளைத் தரும் திசைக்கு ஊசல் மறுபடி போவதைக் காட்டுகிறது.

எது திறந்தே இருக்கிறது

படைப்பூக்கம் பற்றிய கூற்றுக்கு ஆதாரம் மெல்லியது. விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-இல் எழுதிய நூலின் வழிவந்தவர்கள், பொருளைவிடக் குழந்தையின் வளர்ச்சிப் படிநிலைதான் வரைவதைத் தீர்மானிக்கிறது என்றார்கள். ரோடா கெல்லாக் பல நாட்டுக் குழந்தைகளின் ஓவியங்களைத் திரட்டி 20 அடிப்படைக் கிறுக்கல்களை வகுத்தார். மணலோ கிரேயானோ, கிறுக்கல் ஒன்றுபோலவே இருக்கிறது என்றால், வண்ணம் வீட்டில் கரைத்ததா கடையில் வாங்கியதா என்பது எவ்வளவு பொருட்டு? நேரடியாக அளப்பதும் கடினம். வீட்டில் மாவு கிண்டும் பெற்றோர், குழந்தையோடு அதிக நேரம் உட்காருபவர்களாகவும் இருக்கக்கூடும். பலன் மாவினால் வந்ததா, அருகில் இருந்ததனால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல எளிய வழியில்லை.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கையில் வீட்டுத் தயாரிப்புக்கு உறுதியான இரு காரணங்கள் மிஞ்சுகின்றன. ஒன்று தாராளம். விலை கொடுத்து வாங்கிய சிறு டப்பாவை "கலக்காதே, வீணாக்காதே" என்று கண்காணிக்கும் பெரியவர், கால் கிலோ மைதா மாவைப் பார்த்துப் பதறுவதில்லை. மற்றொன்று, குழந்தை செய்முறையில் கை வைப்பது: அளப்பது, கலக்குவது, நிறம் மாறுவதைப் பார்ப்பது. குழந்தை தூங்கியபின் அம்மா செய்துவைத்த மாவுக்கு இந்த இரண்டாவது காரணம் பொருந்தாது. அங்கன்வாடி அளவில் இது நடைமுறையில் சாத்தியமா, அதற்கான நேரத்துக்கு ஊழியருக்கு யார் ஊதியம் தருவது என்பவை பதில் காணாத கேள்விகள்.

பாதுகாப்புக்கு மட்டும் காத்திருக்கத் தேவையில்லை. பத்திரிகையிலோ வீடியோவிலோ செய்முறை வெளியிடுபவர்கள் ஒவ்வொன்றின் கீழும் மூன்று வரி சேர்க்கட்டும்: எந்த வயதுக்கு, உப்பு எவ்வளவு, எத்தனை நாளில் கொட்டிவிட வேண்டும்.